நடுதலும் கலைத்தலும்

மரம் நடுதல் நல்லறம் என்பதில் இக்காலத்தில் மாறுபடுவார் ஒருவருமிலர். பெருங்களத்தூரிலும், அதனைச் சூழ்ந்த பீர்க்கன்கரணை, முடிச்சூர், வண்டலூர் முதலிய ஊர்களிலும், பள்ளி வளாகங்களிலும் ஏரிக்கரைகளிலும் மழைக்காலந்தோறும் கன்று நடு விழாக்கள் நிகழ்கின்றன. விழாத் தலைவர் மண் தள்ளுவர். மாணவர் நீர் வார்ப்பர். நட்ட கன்றுகளின் தொகை மறுநாள் பத்திரிகையில் வெளிவரும். இவை போற்றத்தக்கனவே. ஆயினும், நட்டபின் செய்ய வேண்டுவது யாது என்னும் வினாவை எழுப்புவார் அரியர். நீர் ஊற்றுதலும், ஆடுமாடுகள் மேயாது காத்தலும் வேண்டும் என்பர் சிலர். நட்டவற்றுட் பலவற்றை உரிய காலத்தில் நட்டவரே வெட்டி நீக்குதல் வேண்டும் என்று எவரேனும் கூறின், அவரை மரங்களின் பகைவர் என்றே உலகம் கருதும். அங்ஙனம் கருதுதல் தகாது என்பதும், நெருங்க நட்டுப் பின்னர் கலைக்காது விடுதல் மரத்துக்குச் செய்யும் தீங்கே என்பதும் நாம் இவ்வியாசத்தில் நிறுவ விழையும் கருத்துக்களாம்.

கலைத்தல் என்னும் சொல் உழவர் வழக்கு. கம்பும் சோளமும் நெருங்கி முளைத்தவிடத்து, மிகையாயுள்ள பயிரைப் பிடுங்கி எஞ்சியவற்றுக்கு இடங்கொடுத்தலையே அவர் கலைத்தல் என்பர். நம் உழவர் இடைவெளியின் அருமையை நன்குணர்ந்தவர். நெல்லினிடையே நண்டும், கரும்பினிடையே நரியும், வாழையினிடையே வண்டியும், தென்னையினிடையே தேரும் ஓடவேண்டும் என்னும் கருத்துடைய பழமொழி நாட்டுப்புறங்களில் வழங்குகின்றது. அளவுகோல் கொள்ளாது, கல்லாதாரும் மறவாதபடி பயிரளவையை வகுத்த பழந்தமிழ் மக்களின் நுண்ணறிவை வியவாதிருத்தல் இயலாது.

ஆனால் அப்பழமொழியில் தேக்கும் வேங்கையும் இடம்பெறவில்லை. அதன் காரணம் ஆராயத்தக்கது. நெல்லிலும் கரும்பிலும் வாழையிலும் தென்னையிலும் நாம் வேண்டுவன கதிரும் சாறும் கனியும் காயுமாம். அவற்றுக்கு நட்ட நாள் முதல் அறுக்கும் நாள் வரையில் ஒரே இடைவெளி அமையும். தச்சுமரத்தினிடத்து நாம் வேண்டுவது தண்டு. அதுவும் நேரியதாய், கணுவற்றதாய், பருத்ததாய், வைரம் பாய்ந்ததாய் இருத்தல் வேண்டும். அத்தகைய தண்டு இளமையில் நெருக்கத்தையும் முதுமையில் விரிந்த இடத்தையும் அவாவி நிற்பது. நரி ஓடும் இடைவெளியில் நட்டுத் தேர் ஓடும் இடைவெளியில் முடித்தல் வேண்டும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலமெல்லாம் கலைத்தற்குரிய காலமாகும்.

இளமையில் நெருக்கம் வேண்டப்படுவது எற்றுக்கு எனின், கூறுவாம். தனித்து நிற்கும் இளந்தேக்கு நாற்புறமும் ஒளி பெறுதலால் தாழ்ந்த கிளைகளைப் பரப்பும், தண்டு குறுகும், கிளை தோன்றிய இடந்தோறும் பலகையில் கணு விழும். அயலே தோழர் பலர் நிற்பின், கீழ்க்கிளைகள் ஒளியின்றி வாடித் தாமே உதிர, தண்டு ஒளியை நாடி நேரே மேலெழும். நிலத்தில் நிழல் விரைவில் பரவுதலால் புல்லும் களையும் அடங்கும். நட்ட கன்றுகளுட் சில பட்டுப்போதலும், சில கோணி வளர்தலும் இயல்பாதலின், பலவற்றை நட்டால்தான் பின்னர் நல்லனவற்றைத் தெரிந்தெடுக்க இயலும். இவை மூன்றும் நெருக்கத்தின் பயன்.

எனினும், அப்பயன் சில ஆண்டுகளுக்கே உரியது. மரங்களின் முடிகள் ஒன்றோடொன்று முட்டத் தொடங்கிய அன்றே போட்டி தொடங்கிவிடுகின்றது. மேலே ஒளிக்கும், கீழே நீருக்கும் மண்ணின் உரத்துக்கும் அவை போராடும். தண்டு ஆண்டுதோறும் புதிதாகச் சேர்க்கும் மரப்பொருள் முடியிலுள்ள இலைகளின் உழைப்பால் வருவது. முடி ஒடுங்கினால் சேர்க்கையும் ஒடுங்கும். நெருக்கத்தால் மரத்தின் உயரம் அத்துணை குறைவதில்லை. பருமனே பெரிதும் குறைகின்றது. தேக்கின் தண்டை அறுத்து நோக்கின் ஆண்டு வளையங்கள் தெளிவாகத் தோன்றும். நெருக்குண்ட ஆண்டுகளின் வளையங்கள் நூலிழைபோல் மெலிந்தும், அயல்மரம் நீங்கிய பின்னர் வந்தவை அகன்றும் இருத்தலைக் காணலாம். மரம் தன் வரலாற்றைத் தானே எழுதி வைத்திருக்கும் ஏடு அது. தேக்கு ஒளிவேட்கை மிக்க சாதி; நிழலைப் பொறாது. நெடுங்காலம் நெருக்குண்டு முடி சிறுத்த தேக்குக்குப் பின்னர் எவ்வளவு இடங்கொடுப்பினும் அது முன்னைய வலிமையை எளிதிற் பெறுவதில்லை. எனவே, கலைத்தலுக்குக் காலமறிதல் இன்றியமையாதது.

காட்டியல் அறிஞர் கண்ட பிறிதோர் உண்மையும் ஈண்டுக் கருதத்தக்கது. ஒரு நிலத்தின் மண்ணும் மழையும் ஓராண்டில் விளைக்கக்கூடிய மரப்பொருள், மரங்களின் தொகை ஓரளவு கூடினும் குறையினும், பெரிதும் வேறுபடுவதில்லை. அப்பொருளை ஆயிரம் மெலிந்த தண்டுகளுக்குப் பங்கிடுவதா, நூறு பருத்த தண்டுகளுக்குப் பங்கிடுவதா என்பதே நடுவோன் முடிவு செய்யவேண்டுவது. அவன் முடிவு செய்யாவிடின் இயற்கை தானே முடிவு செய்யும். 1963ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டு அறிஞர் யோதாவும் அவருடைய கூட்டாளிகளும், மிக நெருங்கி வளரும் ஒரே இனச் செடிகளைப் பற்றி ஒரு விதியை வெளியிட்டனர். செடிகள் பருக்கப் பருக்க அவற்றின் தொகை குறைந்தே தீரும். தொகை நான்கிலொன்றாகக் குறையுங்கால், எஞ்சிய ஒவ்வொன்றின் சராசரி எடை ஏறக்குறைய எட்டு மடங்காகும் என்பது அதன் சாரம். அதாவது, நாம் கலைக்காவிடினும் மரங்கள் சாகவே செய்யும். ஆனால் நோயுற்றும் மெலிந்தும் பல்லாண்டு தவித்துச் சாகும். சாகுமளவும் தம் அயலாரையும் மெலியச் செய்யும்.

இக்கலை நம் நாட்டுக்குப் புதிதன்று. இன்று கேரளத்தில் மலப்புறம் மாவட்டத்திலுள்ள நிலம்பூர் முன்னர் சென்னை மாகாணத்து மலையாள ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. கப்பல் கட்டுதற்குரிய தேக்கு காடுகளில் அருகி வருதலைக் கண்ட அந்நாளைக் கலெக்டர் கானோலி துரை, 1840களில் அங்கே தேக்குத் தோட்டம் அமைக்க முற்பட்டார். தேக்கின் விதை வன்மையான ஓடுடையது, எளிதில் முளைப்பதன்று. தொடக்கத்தில் செய்த முயற்சிகள் தோல்வியுற்றன. பின்னர் சாத்து மேனோன் என்னும் நம் நாட்டு உத்தியோகஸ்தர் பொறுப்பேற்று, 1844 முதல் ஏறத்தாழ இருபதாண்டுக் காலம் உழைத்துப் பெருந்தோட்டங்களை உருவாக்கினார். அவற்றுள் 1846ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு பகுதி, சாலியாற்றங்கரையில், கானோலியின் பெயரால் இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகின்றது. அதன் பரப்பு ஏறத்தாழ 2.3 ஹெக்டேர். அதில் நிற்பவை நூற்றுக்குச் சற்று மேற்பட்ட மரங்களே. ஹெக்டேருக்கு ஏறக்குறைய ஐம்பது எனலாம்.

இவ்வெண்ணை இக்கால நடவு முறையோடு ஒப்பு நோக்குக. தேக்கினை இரண்டு மீட்டருக்கு ஒன்றாக நடுதல் பெருவழக்கு. அவ்வாறு நடின் ஒரு ஹெக்டேருக்கு 2,500 கன்றுகளாகும். நிலம்பூர் முறைப்படி நான்காம் ஆண்டில், மூலைவிட்டமாகச் செல்லும் வரிசைகளில் ஒன்றுவிட்டொன்றை நீக்குவர், எஞ்சுபவை 1,250. எட்டாம் ஆண்டில் மீண்டும் ஒன்றுவிட்டொரு வரிசையை நீக்குவர். எஞ்சுபவை 625, மரத்துக்கு மரம் நான்கு மீட்டர் இடைவெளி. இவ்விரு முறையும் கணக்குப் பார்த்து நீக்குவது. நல்லது தீயது நோக்குவதில்லை. அதன்பின் 13, 20, 30, 44 ஆகிய ஆண்டுகளில், ஒவ்வொரு மரத்தையும் நின்று நோக்கி, கோணியதையும் நோயுற்றதையும் நெருக்குவதையும் தெரிந்து நீக்குவர். அறுபதாம் ஆண்டில் இறுதி அறுவடை. அப்பொழுது நிற்பவை நட்டவற்றுள் மிகச் சிறு பங்கே. நீக்கியவை வீணாயினவோ எனின், இல்லை. முதலில் நீக்கியவை வேலிக்கும் விறகுக்கும், பின்னர் நீக்கியவை கம்பத்துக்கும் உத்தரத்துக்கும் பயன்பட்டுத் தோட்டத்தின் செலவை இடையிடையே ஈடு செய்தன. நட்டவன் பேரன் காணவேண்டிய பயனின் ஒரு கூறு மகன் கைக்கே வந்து சேர்கின்றது.

இங்ஙனம் கூறுதலால் எல்லா மரத்துக்கும் இதுவே விதி என்று கொள்ளற்க. நோக்கத்துக்கேற்ப நெருக்கம் வேறுபடும். நம் பெருங்களத்தூருக்குக் கிழக்கே கடற்கரையை அடைந்து, முட்டுக்காடு, கோவளம், மாமல்லபுரம் என்று தெற்கே செல்வார் சவுக்குத் தோப்புக்களைக் கண்டிருப்பர். அவை மீட்டருக்கு ஒன்றாகவும் நடப்படுவதுண்டு. அவ்வாறாயின் ஹெக்டேருக்குப் பதினாயிரம். அதனைக் குறை கூறுவதற்கில்லை. சவுக்குப் பயிரிடுவோன் வேண்டுவது சாரம் கட்டுதற்கும் பந்தலுக்கும் விறகுக்கும் காகிதக் கூழுக்கும் உரிய மெல்லிய கழி. சில ஆண்டுகளில் முழுத்தோப்பையும் வெட்டிவிடுவான். மெலிவே அவனுக்கு வேண்டிய குணம். அவன் நெருங்க நடுவதும், தேக்குக்காரன் கலைத்து விரிப்பதும் ஒரே அறிவின் இரு வெளிப்பாடுகள். எதற்காக நடுகின்றோம் என்பதை இருவரும் நடுமுன்னரே அறிந்திருந்தனர்.

அதனை அறியாது நடுதலால் விளையும் கேட்டுக்குச் சென்னை மாநகரிலேயே சான்றுண்டு. 1990களில் தேக்குப் பண்ணைக் கம்பெனிகள் பல தோன்றின. இன்று சிறு தொகை கொடுப்பார்க்கு இருபதாண்டிற் பெருந்தொகை கிட்டும் என அவை விளம்பரம் செய்தன. ஆளுக்கு இத்தனை மரம் என்று பங்கிட்டவையும் உண்டு. நடுத்தரக் குடும்பத்தார் பலர் தம் சேமிப்பை இவற்றில் இட்டனர். 1998ஆம் ஆண்டளவில் பெருங்கம்பெனிகள் நிலைகுலைந்தன. இட்டவர் பணம் இழந்தனர். 1999இல் இத்தகைய கூட்டு முதலீட்டுத் திட்டங்களை ஒழுங்குபடுத்த மத்திய அரசின் பங்குச் சந்தை வாரியம் விதிகள் வகுக்க நேர்ந்தது. அக்கம்பெனிகளின் வீழ்ச்சிக்குப் பணவியற் காரணங்கள் பலவுள. எனினும், காட்டியல் நோக்கில் அங்கே ஓர் அடிப்படைப் பிழை இருந்ததை எவரும் எளிதிற் காணலாம். கன்று ஒவ்வொன்றும் ஒருவர்க்கு உரியதாயின், நான்காம் ஆண்டில் யாருடைய கன்றை வெட்டுவது? வெட்டினால் அவர் பொறார். வெட்டாவிடின் எவர்க்கும் தக்க மரம் கிட்டாது. நட்ட கன்றுகளின் தொகையை விளையும் மரங்களின் தொகையாகக் கருதிய கணக்கு, தொடங்கிய அன்றே பொய்த்த கணக்கு.

இன்றைய விழாக்களிலும் இப்பிழையின் சாயல் காணப்படுதலே நமக்கு வருத்தம் தருவது. கன்றுதோறும் நட்டவர் பெயர்ப்பலகை நாட்டுகின்றனர். பெயர் பொறித்த கன்றை நீக்கத் துணிவார் யார்? தொல்காப்பியனார் மரபியலில், புறத்தே காழ் உடையவற்றைப் புல் என்றும் அகத்தே காழ் உடையவற்றை மரம் என்றும் பிரித்து ஓதினார். காழ் என்பது வைரம். அவர் வகுத்த இலக்கணப்படி நோக்கின், நட்ட கன்று இன்னும் மரமன்று. அகத்தே வைரம் கொண்ட பின்னரே அது மரமாகும். தண்டு பருத்தற்கு இடமின்றி நெருக்குண்டு நிற்பதில் வைரம் கொள்ளும் பகுதியும் சிறிதாகவே இருக்கும். பத்தாயிரம் மரம் நட்டோம் என்பார், பத்தாயிரம் கன்று நட்டோம் என்று கூறுதலே இலக்கணத்துக்கும் உண்மைக்கும் ஒத்ததாம்.

இவ்விடத்தில் ஒரு தடை எழுதல் கூடும். ஜப்பான் நாட்டு அறிஞர் மியாவாக்கி வகுத்த முறைப்படி, ஒரு சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்றுகள் வீதம் பல இனங்களைக் கலந்து மிக நெருங்க நட்டு, சின்னாளில் அடர்ந்த குறுங்காடு ஆக்குகின்றனர். 2020 முதல் சென்னை மாநகராட்சியும் கோட்டூர்புரம் முதலிய இடங்களில் இதனைச் செய்து வருகின்றது. நீவிர் கூறுவது இதற்கு மாறன்றோ என்று வினவலாம். மாறன்று. அங்கே வேண்டப்படுவது பசுமையும் குளிர்ச்சியும் பறவைகளுக்குப் புகலிடமும், தச்சுமரமன்று. போட்டியிற் பல மடிதல் அம்முறையிலேயே எதிர்பார்க்கப்படுவது. அதுபோலவே தாம்பரத்துக் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் இன்றும் எஞ்சியுள்ள புதர்க்காட்டிலும் கோடரிக்கு வேலையில்லை. 1937ஆம் ஆண்டில் கல்லூரி அங்கே குடியேறிய காலத்தில், எட்வர்ட் பார்ன்ஸ் என்னும் இரசாயனப் பேராசிரியர் ஆர்வத்தோடு மரம் நட்டு வளாகத்தை அணிசெய்தார். அவர் நடாத புதர்க்காடோ வறட்சியும் வேர்ப்போட்டியும் வகுத்த இடைவெளியில் தானே நிற்கின்றது. அதனிடம் நாம் பலகை கேட்கவில்லை. ஆகவே அது தன் வழியே வாழ்க. நாம் கூறுவதெல்லாம் பயன்மரத் தோப்புக்களையும் சாலைமரங்களையும் குறித்ததே. குறுங்காட்டு முறையின் நெருக்கத்தை மேற்கொண்டு, தோப்பு முறையின் பயனை எதிர்பார்த்தல் பொருந்தாது என்பதே நம் கருத்து.

சாலைமரங்களைக் குறித்தும் ஒன்று கூறவேண்டும். 2016ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் வீசிய வர்தா புயலைத் தென்சென்னை மக்கள் எளிதில் மறவார். நகரெங்கும் மரங்கள் வீழ்ந்தன. நம் அயலிலுள்ள வண்டலூர் உயிரியற் பூங்காவிலும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அவை யாவும் நெருக்கத்தால் வீழ்ந்தன என்று கூறுதல் மிகைபடக் கூறலாகும். வேரைச் சூழ்ந்த சிமெந்தும், ஆழ வேரூன்றாத இனங்களும், காற்றின் கடுமையும் காரணங்களாம். ஆயினும், நெருங்கி வளர்ந்து உயரத்துக்கேற்ற பருமனின்றி ஒல்லியாய் நிற்கும் மரம் காற்றுக்கு எளிதில் வளையும், முறியும் என்பது காட்டியலார் யாவரும் ஒப்பிய உண்மை. அத்தகைய மரங்களை ஒன்றையொன்று தாங்கி நிற்கும் கூட்டம் எனலாம். பல்லாண்டு கலைக்காது விட்டு, ஒருநாள் திடீரெனப் பாதியை வெட்டினால், எஞ்சியவை தாங்குவாரின்றிக் காற்றுக்கு இரையாகும். ஆதலால் கலைத்தலை இளமையிற் சிறிது சிறிதாகச் செய்தல் வேண்டும்.

மரங்களின் போட்டியைப் பற்றிப் பேசுவோர் சிலர் அதனை மக்கள் வாழ்வுக்கும் ஏற்றி, வலியார் வாழ மெலியார் நீங்குதல் இயற்கையின் விதி என்று கூறுவதுண்டு. அக்கொள்கையை நாம் முற்றும் மறுக்கின்றோம். தோப்பு, ஒருவன் தன் பயன் கருதி நட்ட பயிர். அதிற் கலைக்கும் உரிமை நட்டவனுக்கு உண்டு. மக்கள் எவருடைய பயனுக்காகவும் நடப்பட்டவர் அல்லர். நெருக்குண்ட மக்களுக்கு இடம் பெருக்கித் தருதலே அறம். பெருங்களத்தூரில் களம் என்னும் சொல்லை ஊர்ப்பெயரிலன்றிக் காண்பது அரிதாகும்படி வீடுகள் நெருங்கிவிட்ட இந்நாளில், அங்கே சிறுவர் ஓடியாடவும் மழைநீர் வழிந்தோடவும் இடைவெளி தேடுவது வேறொரு பெரும்பணி. மரநூலின் விதி மரத்தோடு நிற்க.

இனி, நாம் வேண்டுவனவற்றைச் சுருங்கக் கூறி முடிப்பாம். 2021ஆம் ஆண்டு முதல் பெருங்களத்தூர் தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்ததாகும். அம்மாநகராட்சியும், பள்ளிகளும், சங்கங்களும், நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டத்தாரும் மரம் நடும்பொழுது மூன்று செயல்களைக் கைக்கொள்வாராக. முதலாவது, எதற்காக நடுகின்றோம், எவ்விடைவெளியில் நடுகின்றோம், எந்தெந்த ஆண்டில் எத்தனை நீக்குவோம் என்பனவற்றை நடும் அன்றே ஓர் ஏட்டில் எழுதி வைத்தல். இரண்டாவது, கன்றுக்கொரு பெயர்ப்பலகை நாட்டாது, தோப்புக்கொரு பலகை நாட்டுதல். அப்பொழுது நீக்குபவன் எவர் மனத்தையும் புண்படுத்தான். மூன்றாவது, நட்ட தொகையை வெளியிடும் வழக்கத்தோடு, ஐந்தாம் ஆண்டிலும் பத்தாம் ஆண்டிலும் நிற்கும் மரங்களின் தொகையையும் பருமனையும் வெளியிடுதல். இதற்குப் பெருஞ்செலவு வேண்டா. நிலத்தினின்று 1.37 மீட்டர் உயரத்தில், மார்பளவில், ஒரு நாடாவைச் சுற்றி அளத்தல் எந்த மாணவர்க்கும் இயலும். ஆண்டுக்கொரு நாள் அளந்து எழுதினால், வளர்ச்சி தளர்ந்த ஆண்டை ஏடே காட்டிக் கொடுக்கும். கலைத்தற்குரிய காலமும் தானே புலனாகும்.

நடுவார்க்கு உலகம் மாலை சூட்டும். கலைப்பார்க்கு மாலையில்லை, வசையும் வரக்கூடும். சாத்து மேனோன் காலந்தொட்டு நிலம்பூரில் எத்தனையோ பெயரறியாத வனக்காவலரும் கூலியாட்களும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து நீக்கி வந்தமையாலன்றோ, தோட்டத் தேக்கு என்றால் நிலம்பூர் என்று உலகம் சொல்கின்றது! நம் தலைமுறையில் நட்டவற்றையும் அவ்வாறு நின்று காணச் செய்வது நம் கடன். அக்கடனைக் கற்ற இளைஞர் மேற்கொள்வாராக.